ஏழு வீத வரியும் திங்கட்கிழமை ரோல்ஸும்

வுப்பர்டாலில் இருக்கிற தமிழ்ச் சனத்துக்கு என்னைப் பற்றி ஒரு கருத்து உண்டு. கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போதும், பிறந்தநாள் மண்டபங்களில் கை கழுவப் போகும்போதும் அது என் காதில் விழும். "அவ தண்ணிக்கடை நடத்துறாவாம்." நான் திரும்பிப் பார்ப்பதும் இல்லை, பதில் சொல்வதும் இல்லை. அதே மண்டபத்தில் அடுத்த பிறந்தநாளுக்கு ரோல்ஸ் வேண்டுமென்றால் என் கணவருக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள். தண்ணிக்கடைக்காரியின் வீட்டு ரோல்ஸ் மட்டும் அவர்களுக்குத் தொண்டைக்குள் இறங்கும்.

நான் நடத்துவது ஒரு க்னைப்பே. ஜெர்மன்காரர் வேலை முடிந்து வந்து ஒன்றிரண்டு பியர் குடித்து, காட்ஸ் விளையாடி, கால்பந்தாட்டத்துக்காகச் சண்டை பிடித்து, பிறகு சமாதானமாக வீட்டுக்குப் போகும் தெருமுனைக் கடை. மரத்தாலான நீண்ட பார், அதன் முன்னால் உயரமான கதிரைகள், மூலையில் பழைய வாடிக்கைக்காரருக்கென்று ஒதுக்கிய வட்ட மேசை. வெளியே, மேலே இருக்கிற தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் எங்கள் ஊர்த் தொங்கு ரயில் போகும்போது அலுமாரியில் கிளாஸ்கள் மெல்லக் கிணுகிணுக்கும். புதிதாக வந்தவர்கள்தான் அதற்கு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நான் ஒன்பது வயதில் அம்மா அப்பாவோடு இந்த ஊருக்கு வந்தவள். பள்ளிக்கூடம் முடித்து, ஒரு வரி ஆலோசகரிடம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து, அங்கேயே பல காலம் வேலை பார்த்தேன். இந்தக் கடையின் கணக்கு என் மேசைக்குத்தான் வரும். பழைய முதலாளியம்மா முழங்கால் வலியோடு கடையைக் கைவிடப் போகிறேன் என்று வந்து உட்கார்ந்தபோது, அந்தக் கடை என்ன உழைக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று அவவை விட எனக்குத் தெரிந்திருந்தது. "நான் எடுக்கிறேன்" என்று சொன்னேன். என் மேலதிகாரி பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, சில மாதம் என்னோடு பேசவே இல்லை. மற்றவர்களுடைய கணக்கைத் திருத்தியே கிழவியாகிவிடுவேனோ என்ற பயம் எனக்கு, அம்மாவின் கோபத்தை விடப் பெரிதாக இருந்தது.

கொரோனாக் காலத்தில் கதவைப் பூட்டச் சொன்னார்கள். பூட்டினேன். அரசாங்கம் உதவிப் பணம் தந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். அது வராவிட்டால் கடை அப்போதே போயிருக்கும். பிறகு, தந்ததில் எவ்வளவு உண்மையாகத் தேவைப்பட்டது என்று காட்டச் சொல்லிக் கேட்டார்கள். பக்கத்துத் தெருக் கடைக்காரர் அதை நினைத்து நித்திரை இல்லாமல் திரிந்தார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணியோடு இருந்து எழுதி முடித்தேன். ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டவும் வேண்டி வந்தது. அதில் எனக்குக் கோபம் இல்லை. தந்தவன் கணக்குக் கேட்பான், அது முறைதான்.

கோபம் வந்தது மற்ற விஷயத்தில். அந்தக் காலத்தில் சாப்பாட்டுக் கடைகளைக் காப்பாற்ற, உணவுக்கான விற்பனை வரியைப் பத்தொன்பது வீதத்திலிருந்து ஏழுக்கு இறக்கினார்கள். பிறகு பழையபடி ஏற்றினார்கள். இப்போது புதுவருடத்திலிருந்து மறுபடியும் ஏழு. இனி இப்படியே இருக்கும் என்கிறார்கள். ஆனால் தட்டில் வருவதற்குத்தான் ஏழு. கிளாஸில் வருவதற்கு அதே பத்தொன்பது. என் கடையில் தட்டில் வருவது என்ன? நிலக்கடலை, கடுகோடு கொடுக்கும் சில இறைச்சி உருண்டைகள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கிளாஸ். பத்திரிகைகளில் "க்னைப்பேகளுக்கு நிம்மதி" என்று போட்டார்கள். வாடிக்கைக்காரர்கள் வந்து எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். கல்யாணம் பக்கத்து வீட்டில் நடக்க எனக்கு மாலை போட்டது போல இருந்தது.

மார்கழியில், வரி குறையப் போகிற சந்தோஷத்தைப் படம் பிடிக்க ஒரு அரசியல்வாதி என் கடைக்கு வந்தார். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். எந்தக் கட்சி வந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். கூடவே ஒரு படப்பிடிப்பாளர். நான் பியர் ஊற்ற, அவர் வாங்க, இருவரும் சிரிக்க வேண்டும். நான் ஊற்றினேன். சிரிக்கும் முன், "இந்தக் கிளாஸுக்கு உங்கள் வரிக்குறைப்புக் கிடையாது, தெரியும்தானே?" என்று கேட்டேன். அவர் சிரிப்பைக் குறைக்காமலே, "உணவுக்கு இருக்கிறதே" என்றார்.

"என்னிடம் உணவு இல்லையே."

"அப்படியென்றால் சமையுங்கள்" என்றார்.

படப்பிடிப்பாளர் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தார். படத்தில் என் முகம் பாகற்காய் தின்ற முகம். எரிச்சல் என்னவென்றால், அந்த மனிதன் சொன்னது சரி. பத்து வருடம் வரி ஆலோசகரிடம் இருந்த எனக்கு அது தோன்றாமல், பியர் நுரை மேலுதட்டில் ஒட்டியிருந்த அந்த மனிதனுக்குத் தோன்றிவிட்டது.

அதே கிழமை கட்டட உரிமையாளரும் வந்தார். குத்தகை மாசியோடு முடிகிறது. இன்னும் ஐந்து வருடம் எடுக்கிறீர்களா, விடுகிறீர்களா, மாசி முடிவதற்குள் பதில் வேண்டும் என்றார். நான் விட்டால் எடுக்க ஒரு பந்தயக் கடைக்காரர் தயாராக நின்றார். ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால், கடை ஓடாவிட்டாலும் வாடகை ஓடும். மின்சாரம் கூடியிருந்தது. பியர் விலையை ஏற்றினால் வாடிக்கைக்காரர் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு பெட்டி வாங்கி வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வட்ட மேசையில் பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருந்தார்கள். பியரை மட்டும் நம்பி ஐந்து வருடம் போக ஏலாது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கடையைக் காப்பாற்ற ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழி என் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது.

என் கணவர் ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். கடை முழுக்க இத்தாலியக் கொடி, இத்தாலியப் பாட்டு, அடுப்படியில் மட்டும் யாழ்ப்பாணம். அவர் செய்யும் லசான்யாவுக்காக டுசெல்டோர்ஃபிலிருந்து கார் ஓட்டி வருகிறார்கள். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஓய்வூதியத்துக்கு இன்னும் கொஞ்சக் காலம், நிரந்தர வேலை, மாதம் முடிய ஒழுங்கான சம்பளம். அதை விட்டுவிட்டு வந்து என் கடையில் சமையுங்கோ என்று கேட்பது லேசான காரியம் இல்லை. கேட்டேன்.

"ஐஞ்சு வருசத்துக்கோ?" என்றார்.

"ஓம்."

"கடை படுத்தால் ரெண்டு பேரும் சேர்ந்து படுக்கிறதோ?"

"கடை படுக்காது" என்றேன். எனக்கே அவ்வளவு நிச்சயம் இல்லை, ஆனாலும் குரலை இறக்கவில்லை.

அவர் கிரிக்கெட்டின் சத்தத்தைக் குறைத்தார். அவருடைய கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. "தை, மாசி ரெண்டு மாசமும் திங்கட்கிழமையில வந்து சமைச்சுப் பாக்கிறன். சரிவந்தால் வேலையை விடுறன். சரிவராட்டி நீர் கடையை விடும்" என்றார். அது நியாயமான பேச்சு. நான் கை கொடுத்தேன். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் நாங்கள் கைகுலுக்கியது அதுதான் முதல் தடவை.

பின்பக்கம் வெறும் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையைத் துப்புரவாக்கி அடுப்படி ஆக்குவதற்கே தையின் முதல் மூன்று திங்கட்கிழமைகளும் போய்விட்டன. என்ன சமைப்பது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் வரவில்லை. பியருக்கு என்ன பொருந்தும் என்று யாழ்ப்பாணத்து ஆண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மட்டன் ரோல்ஸ், மீன் கட்லட், செத்தல் மிளகாய் போட்டு வறுத்த கடலை. நான் விலைப்பலகை எழுதி பாருக்கு மேலே தொங்கவிட்டேன். இரண்டு ரோல்ஸ் நாலரை யூரோ. ஏழு வீதம் போக எனக்கு என்ன மிஞ்சும் என்று மனக்கணக்கும் போட்டாயிற்று.

முதல் திங்கட்கிழமை ரோல்ஸ் பொரித்த வாசம் தெருவுக்குப் போனது. வட்ட மேசைக்காரர் மூக்கை உறிஞ்சினார்கள். ஒருவர், "காரமா?" என்று பயத்தோடு கேட்டார். "பியர் இருக்குத்தானே" என்றேன். கொஞ்ச நேரத்தில் எல்லோர் முன்னாலும் தட்டு இருந்தது. நெற்றி வியர்க்க வியர்க்க, மூக்கைத் துடைக்கத் துடைக்கச் சாப்பிட்டார்கள். பியரும் அதற்கேற்றபடி ஓடியது. நான் காசு மெஷினுக்கு முன்னால் ராணி போல நின்றேன். கடை பூட்டும்போது பார்த்தால் மெஷினில் உணவு என்று ஒரு சதமும் இல்லை.

"எங்கயப்பா ரோல்ஸ் காசு?"

"முதல் நாள்தானே. கேற் அவ்ஃப்ஸ் ஹவுஸ் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். கடைக் கணக்கில் சும்மா என்று அர்த்தம். இத்தாலிய முதலாளி பெரிய ஆட்களுக்கு ஒரு சின்னக் கிளாஸ் மது இலவசமாகக் கொடுக்கும்போது சொல்லும் வசனம் அது. ஜெர்மனியில் இத்தனை காலமாக, ஒரு வாடிக்கைக்காரரிடம் பேச அவர் அறிந்து வைத்திருந்த ஒரே வசனமும் அதுதான்.

முதல் நாள் என்று விட்டேன். இரண்டாம் திங்களும் அதே கதை. நான் பியர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது இவர் அடுப்படியிலிருந்து தட்டைத் தானே கொண்டுவந்து வைக்கிறார். வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறார். அவர்கள் ஒன்றைத் தின்று முடிக்க முன் இன்னொன்றை வைக்கிறார். வேண்டாம் என்று கையால் மறைத்தால் கைக்கு மேலாலே வைக்கிறார். கல்யாணப் பந்தியில் செய்வது எல்லாம் வுப்பர்டால் க்னைப்பேயில் நடக்கிறது. ஒருவர் காசு நீட்டினார். இவர் அவருடைய கையைப் பிடித்து, விரல்களை மடக்கி, அவருடைய சட்டைப் பையையே காட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. "அரசாங்கம் சாப்பாட்டுக்கு வரியைக் குறைச்சது, நீங்கள் சாப்பாட்டையே சும்மா குடுக்கவோ? ஏழும் இல்லை, பத்தொன்பதும் இல்லை. பூச்சியம்!"

"வந்திருந்து சாப்பிடுற சனத்திட்ட எப்பிடியப்பா காசு வாங்கிறது? முகத்தைப் பாத்துக்கொண்டு ஏலாது."

"இவ்வளவு காலமும் காசுக்குத்தானே சமைச்சனீங்கள்?"

"அது வேற. அங்க ஒரு ஜன்னல். தட்டைத் தள்ளிவிட்டால் போயிடும். ஆர் சாப்பிட்டது, என்ன சொன்னது, ஒண்டும் தெரியாது" என்றார். பிறகு, "நான் சமைச்சதை ஒருத்தர் சாப்பிடுறதை இப்பதான் பாக்கிறன்" என்றார்.

அவர் மீது பாவமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஆனால் பாவமும் பெருமையும் வாடகை கட்டாது. அடுத்த திங்களிலிருந்து காசை நானே கேட்டு வாங்குவது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அந்த அடுத்த திங்கட்கிழமைதான் எல்லாம் பிழையாகப் போனது.

என் வாடிக்கைக்காரர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தொங்கு ரயில் சாரதி. மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார், அதே தெருவில் மூன்றாம் மாடி. தினமும் பின்னேரம் வருவார். இரண்டு பியர். ஒருபோதும் மூன்று இல்லை. நேற்று வந்த பத்திரிகையைப் படித்து, யாராவது ரயிலைப் பற்றிப் பிழையாகச் சொன்னால் மட்டும் வாய் திறந்து திருத்தி, சொல்லிக்கொண்டு போவார். அவர் வருவதைப் பார்த்துத்தான் நான் மாலை விளக்குகளைப் போடுவேன்.

அவர் தனி ஆள் என்று என் கணவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அவருடைய தட்டில் மட்டும் இரட்டிப்பு. அவர் எழுந்து கோட்டைப் போடும்போது இவர் அடுப்படியிலிருந்து ஓடி வந்து, வெள்ளித்தாளில் சுற்றிய ஒரு பார்சலை அவர் கையில் வைத்து அழுத்தினார். நாளைக்கு மத்தியானத்துக்கு. எங்கள் வீடுகளில் தனி ஆள் ஒருவர் சாப்பிட வந்தால் பார்சல் இல்லாமல் படி இறங்க விடுவோமா? கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கிழவர் பார்சலைப் பார்த்தார், நன்றி சொன்னார், போனார். பிறகு வரவில்லை.

செவ்வாய் வரவில்லை, புதனும் இல்லை. உடம்புக்குச் சுகமில்லை போல என்று நினைத்தேன். மற்றத் திங்களும் கதிரை வெறுமையாக இருந்தது. போன தடவை இவர் என்னை முந்திவிட்டார், அன்றைக்கு உணவுக் காசை நானே கேட்டு வாங்கினேன். எல்லோரும் முகம் சுளிக்காமல் தந்தார்கள், மெஷினில் முதல் தடவையாக ஏழு வீதம் விழுந்தது. ஆனால் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அடுத்த நாள் காலை மூன்று மாடியும் ஏறி அவருடைய மணியை அடித்தேன். ஏதாவது நடந்து, யாருமில்லாமல் கிடக்கிறாரோ என்று பயந்து, மறுபடியும் மறுபடியும் அடித்தேன்.

அவர் நல்ல சுகமாக, சவரம் செய்த முகத்தோடு கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொன்னார். கோப்பி போட்டார்.

"எங்களோடு ஏதாவது கோபமா?" என்று நேராகவே கேட்டேன்.

"இல்லை. உங்கள் கணவர் நல்ல மனிதர்" என்றார். கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "நான் இரண்டு பியருக்கு வருகிற ஆள். இரண்டு பியருக்கு எனக்கு வசதி இருக்கிறது. அதைக் குடித்து, அதற்குக் காசு கொடுத்து, எழுந்து போவேன். அங்கே நான் யாருக்கும் கடன்பட்டவன் இல்லை. இப்போது எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார்கள், எல்லோருக்கும் முன்னால்."

"அது எங்கள் பழக்கம்" என்றேன். "அவர் உங்களைக் குறைவாக நினைக்கவில்லை."

"தெரியும். பார்சலை அடுத்த நாள் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது" என்றார். "அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. நான் அவருக்கு என்ன திருப்பிக் கொடுப்பேன்? எனக்குச் சமைக்கத் தெரியாது."

நான் கோப்பியைக் குடித்துவிட்டுப் படி இறங்கினேன்.

அன்றிரவு என் கணவர் வேலையால் வந்ததும் சொன்னேன். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "நான் என்ன பிச்சையோ போட்டனான்? விருந்தெல்லோ வைச்சனான்!" என்றார். சட்டையைக் கழற்றிக் கதிரையில் எறிந்தார். குளிக்கப் போனார். வழமையை விட நேரம் எடுத்தது. திரும்பி வந்து, துவாயைத் தோளில் போட்டபடி என் முன்னால் உட்கார்ந்தார்.

"நான் ஷோனெஃபெல்டில வந்து இறங்கின கதை உமக்குத் தெரியும்தானே" என்றார்.

தெரியும். கிழக்குப் பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்து அகதித் தஞ்சம் கேட்ட கதை. எங்கள் ஆட்கள் பாதிப் பேருடைய கதை அதுதான், எல்லா விருந்துகளிலும் கேட்டிருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னதை ஒரு விருந்திலும் சொன்னதில்லை.

"அகதி முகாமில வேலை செய்ய விடேல்லை. மத்தியானத்தில வரிசையில நிண்டால் ஒரு தட்டு. நல்ல சாப்பாடுதான், குறை சொல்ல ஏலாது. தாற மனிசியும் நல்ல மனிசி, எனக்கு எண்டு ஒரு துண்டு கூடப் போடுவா, இளந்தாரிப் பெடியன் எண்டு. எனக்கு அவவைக் கண்ணில காட்டக்கூடாது. ஏன் எண்டு எனக்கே விளங்கிறேல்லை. ஒரு நாள் அவ கூடப் போட்ட துண்டை அவவுக்கு முன்னாலேயே எடுத்துக் குப்பையில போட்டன்."

அவர் முகத்தைத் துவாயால் துடைத்தார். குளித்த தண்ணீர் எப்போதோ காய்ந்திருந்தது.

"அந்தக் கிழவன் குப்பையில போடேல்லை. என்னைவிட நல்ல மனிசன்" என்றார்.

அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் அவரே மூன்று மாடியும் ஏறியிருக்கிறார். என்ன சொன்னார் என்று பிறகு என்னிடம் சொன்னார். அவருடைய அடுப்படி ஜெர்மனில் நீளமாகப் பேச முடியாது. "திங்கட்கிழமை. இரண்டு ரோல்ஸ். நாலு ஐம்பது. வாருங்கள்." அவ்வளவுதான். கிழவர் யோசித்துவிட்டு, "ஆறு மணிக்கு" என்றாராம். இவர் திரும்பி இறங்கிவிட்டார். மன்னிப்புக் கேட்டீர்களா என்றேன். "விலை சொன்னனான்தானே" என்றார்.

அது மாசியின் கடைசித் திங்கட்கிழமை. உரிமையாளருக்கு நான் அந்தக் கிழமை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அதுவரையில் எங்கள் வீட்டில் குத்தகை பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இவர் வேலையை விடுவது பற்றியும் பேசவில்லை. எனக்குள்ளே நான் பந்தயக் கடைக்காரருக்குச் சாவியைக் கொடுப்பதை நினைத்துப் பார்த்தேன். மறுபடியும் ஒரு வரி ஆலோசகரிடம் கதிரை தேடுவதையும் நினைத்துப் பார்த்தேன். இரண்டும் பிடிக்கவில்லை. ஆனால் சமையல்காரர் இல்லாமல் கையெழுத்துப் போட நான் விசரி இல்லை.

ஆறு மணிக்குக் கிழவர் வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். தன் கதிரையில் இருக்காமல், அடுப்படிக் கதவுக்கு நேரே இருந்த சின்ன மேசையில் இருந்தார். நான் பியர் கொண்டுபோனேன். என் கணவர் தட்டைக் கொண்டுவந்தார். இரண்டு ரோல்ஸ், எண்ணி இரண்டு, பக்கத்தில் ஒரு கரண்டி சட்னி. வைத்தார். பக்கத்தில் நிற்கவில்லை, உள்ளே போய்விட்டார். போய் என்ன பயன்? கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றார். கிழவரின் தட்டு வெறுமையாகி வரவர இவருடைய கை இடுக்கியைத் தேடிப் போவதும் திரும்புவதுமாக இருந்தது. நான் இவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் ரெண்டு வைச்சால் என்னப்பா" என்று முணுமுணுத்தார்.

"பேசாமல் நில்லுங்கோ."

கிழவர் வாயைத் துடைத்தார். பியரில் ஒரு மிடறு குடித்தார். விலைப்பலகையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, கடை முழுவதும் கேட்கிற குரலில், "இன்னும் ஒரு தட்டு தாருங்கள்" என்றார்.

என் கணவர் இன்னும் இரண்டு ரோல்ஸை எண்ணெயில் போட்டுப் பொரித்தார். கொண்டுபோய் வைத்தார், திரும்பினார். அதையும் கிழவர் அவசரப்படாமல் சாப்பிட்டார். முடிந்ததும் பியருக்கான காசை எனக்கு மேசையில் வைத்தார். சாப்பாட்டுக் காசை என்னிடம் தரவில்லை. எழுந்து, அடுப்படிக் கதவுக்குப் போய், என் கணவரிடம் பத்து யூரோத் தாளை நீட்டினார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். இவர் ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். ஒன்பது யூரோ. மிச்சம் கொடுக்கச் சில்லறைக்காக ஏப்ரன் பையைத் தடவினார். சமையல்காரருடைய பையில் சில்லறை எங்கே இருக்கும்?

"மிச்சம் உங்களுக்கு" என்றார் கிழவர். "சமையல்காரருக்கு."

கோட்டைப் போட்டார், எல்லோருக்கும் தலையசைத்தார், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பார்சல் இல்லாமல், கையை வீசிக்கொண்டு போனார்.

இத்தாலியக் கடையில் வாடிக்கைக்காரர் வைத்துவிட்டுப் போகும் காசு பரிமாறுகிறவர்களுக்குத்தான். ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு அது வருவதில்லை. என் கணவர் அந்தத் தாளைப் பிடித்தபடி கதவுக்குள் நின்றார். எண்ணெய் புகைக்கத் தொடங்கியது. நான் போய் அடுப்பை நிறுத்தினேன். அவர் பாருக்கு வந்து, காசு மெஷினில் பத்து யூரோவையும் வைத்தார். ஒரு யூரோ நாணயத்தை மட்டும் எடுத்து, மேல்பையில் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கட்டடக்காரன் எத்தினை வருசம் எண்டு சொன்னவன்?" என்று கேட்டார்.

"ஐஞ்சு."

"பத்துக் கேளும்" என்றார்.